முதல் அலை யாருக்கு?

பவழத்துறையை ஆண்ட வீரகேசரி ராஜாவுக்கு அண்டை நாட்டில் எதிரி என்று யாரும் கிடையாது. சொந்தமாக ஒரு மைத்துனர் இருந்தார். அது போதுமானதாக இருந்தது.

மைத்துனர் பெயர் ரணபாகு. உத்தியோகம் தளவாய். போரே இல்லாத நாட்டில் தளவாய்க்கு என்ன வேலை? ஊர்வலத்தில் படைக்கு முன்னால் நடப்பார். மிச்ச நேரத்தில் அலையேறப் போவார்.

அலையேறுவது அந்தக் கடற்கரைக் குப்பத்து ஆட்களின் விளையாட்டு. கட்டுமரத்துக் கட்டையைப் பலகையாகச் செதுக்கி, அதில் படுத்துக் கடலுக்குள் போவார்கள். அலை எழும்பும்போது பலகைமேல் எழுந்து நின்று கரைவரை வருவார்கள். அவர்களுக்குள் ஒரே சட்டம்தான். அலை உடையும் இடத்தில் முதலில் எழுந்து நிற்பவனுக்கு அந்த அலை. மற்றவர்கள் விலகிக்கொள்ள வேண்டும். யாரும் எழுதிவைக்கவில்லை, யாரும் மீறவும் இல்லை.

தளவாய் வந்து சேர்ந்தார். பலகைக்குத் தங்க முலாம் பூசியிருந்தார். கழுத்தளவுத் தண்ணீரில் ஒருவன் நின்று அவருக்காகச் சங்கு ஊதினான். சொந்தமாக ஓர் அலையைப் பிடிக்க வராததால், அடுத்தவன் பிடித்த அலையில் குறுக்கே விழுவது அவர் வழக்கம்.

ஒரு நாள் தேசப்பன் என்ற குப்பத்து ஆள்மேல் அப்படி விழுந்தார். பலகையும் பலகையும் மோதின. தளவாயின் முன்பல் ஒன்று கடலோடு போயிற்று.

"என் அலையில் ஏண்டா வந்தாய்?" என்று கத்தினார்.

"அலை எந்திரிச்சப்பவே நான் எந்திரிச்சுட்டேன் சாமி. பாதி தூரம் வந்தாச்சு. நீங்கதான் கோயில் மாடு மாதிரி குறுக்க பூந்தீங்க" என்றான் தேசப்பன்.

மறுநாள் சபையில் வழக்கு. எல்லோரும் மகாராஜா என்று கூப்பிடும் இடத்தில் ரணபாகு மட்டும் உறவு சொல்லித்தான் கூப்பிடுவார்.

"அத்தான், குப்பத்தையே காலி பண்ணச் சொல்லுங்கள். அமாவாசைக்குப் பிறகு அங்கே ஒரு குடிசை நிற்கக் கூடாது."

திரைக்குப் பின்னால் ரணபாகுவின் அக்காவான ராணி தொண்டையைக் கனைத்தாள். ராஜாவுக்கு வேர்த்தது. ஓலை எழுதும் அதிகாரி அரியமுத்துவைத் தனியே கூப்பிட்டார்.

"நாளைக்குள் எனக்கு ஒரு தீர்ப்பு வேண்டும். மைத்துனர் முகம் சுளிக்கக் கூடாது. குப்பமும் போகக் கூடாது. மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது."

"இரண்டும் எப்படி மகாராஜா?"

"தெரியாது. முடியாவிட்டால் குப்பத்தோடு நீரும் கிளம்பும்."

அரியமுத்து நேரே கடற்கரைக்குப் போனார். தேசப்பனைப் பக்கத்தில் உட்காரவைத்து, பொழுது சாயும்வரை அலையைப் பார்த்தார். விரல்விட்டு எண்ணினார். தேசப்பனிடம் இரண்டு கேள்வி கேட்டார். திரும்பி வந்து நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் சபை கூடியது.

"தளவாய் அவர்களே, கோயிலில் முதல் தீர்த்தம் யாருக்கு?" என்று அரியமுத்து ஆரம்பித்தார்.

"எனக்கு."

"தேர்த் திருவிழாவில் முதல் மாலை?"

"அதுவும் எனக்கு. இதென்ன கேள்வி?"

"அப்படியானால் கடலில் மட்டும் ஏன் இந்த அவமரியாதை? அலைகள் தனித்தனியாக வருவதில்லை. ஆறேழு சேர்ந்து கூட்டமாக வருகின்றன. பிறகு கடல் சற்று ஓய்கிறது. மறுபடி ஒரு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் அலை தளவாய்க்கு. வேறு எவனும் அதைத் தொடக் கூடாது. பின்னால் வருபவை குப்பத்துக்கு."

தளவாய்க்கு மீசை துடித்தது. "அப்படிப் போடு! ஓலையில் எழுதும். கூடவே இதையும் எழுதும். இந்த முறையை மீறி அடுத்தவர் அலையில் ஏறுகிறவன், அவன் எவனாக இருந்தாலும், அந்தக் கரையில் மறுபடி கால் வைக்கக் கூடாது."

"எவனாக இருந்தாலுமா?"

"எவனாக இருந்தாலும்!"

எழுதி, முத்திரையும் குத்தியாயிற்று. தேசப்பன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். தோள்கள் குலுங்கின. அழுகிறான் என்று சபை நினைத்தது.

மறுநாள் சங்கு முழங்கியது. முதல் அலை வந்தது. ஒருவரும் அசையவில்லை. தளவாய் ஏறினார்.

முதல் அலை எப்போதுமே நோஞ்சான். குப்பத்துக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. பாதி வழியில் மூச்சை விட்டுவிடும். தளவாயையும் சரியாகப் பின்னால் வரும் அலைகள் வந்து விழும் இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு அது படுத்துக்கொண்டது. அவர் தலையைத் தூக்கினார். இரண்டாவது அலை தலையில் விழுந்தது. வாயைத் திறந்தார். மூன்றாவது உள்ளே போயிற்று. நான்காவதில் தேசப்பன் நின்றபடியே வந்து, மரியாதையாக ஒதுங்கி, கும்பிட்டுவிட்டுப் போனான். ஐந்தும் ஆறும் தளவாயை மணலில் புரட்டிப் போட்டன.

சற்று நேரத்தில் அடுத்த கூட்டம். மறுபடி சங்கு. மறுபடி முதல் மரியாதை. சங்கு ஊதுபவனுக்கே பரிதாபமாகிவிட்டது; மெதுவாக ஊதினான்.

மூன்றாம் நாள் தளவாய் முதல் அலையை விட்டுவிட்டார். மூன்றாவதில் தேசப்பன் எழுந்து நிற்கும்போது வழக்கம்போல் குறுக்கே பாய்ந்தார். கரையில் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மாலையே சபை. ராஜா ஓலையை இரண்டு முறை படித்தார்.

"கேட்டவர் நீர். எவனாக இருந்தாலும் என்று எழுதச் சொன்னவரும் நீர். இனி அந்தக் கரைப்பக்கம் போக வேண்டாம். குப்பம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்."

"அத்தான், இந்த ஓலைக்காரர் என்னை ஏமாற்றிவிட்டார்!" தளவாய் குதித்தார். "அந்த முதல் அலை எதற்கும் லாயக்கில்லை. ஆர்ப்பாட்டமாக முன்னால் வரும், அவ்வளவுதான். உள்ளே ஒன்றும் கிடையாது. பலமெல்லாம் பின்னால் வருபவற்றில்தான் இருக்கிறது!"

அரியமுத்து எழுத்தாணியை எடுத்தார்.

"மகாராஜா, நம் படைக்கு முன்னால் நடக்கிறவர் தம் வாயாலேயே சொல்கிறார். எழுதிக்கொள்ளட்டுமா?"

ராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு பயத்தோடு திரையைப் பார்த்தார். முதலில் சிரித்தது ராணிதான்.