கை கறுக்காத கரி

காட்டுக்குள் தன்னந்தனியாகக் கரி சுட்டுப் பிழைத்தவள் மாடத்தி. அவளுடைய எருக்கங்கரிதான் ஜமீன் பீரங்கியின் வெடிமருந்தில் சேரும். தினமும் அந்தியில் கோட்டையில் ஒரு வெடி போடுவார்கள். நாள் முழுக்க அவளைத் தேடி வருகிற ஒரே குரல் அதுதான். "ம், கேட்டுச்சு" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் உலை வைப்பாள்.

ஒருநாள் மருந்துச்சாலை அதிகாரி ஏகாம்பரம் வந்தார். வேட்டியில் கரி அப்பிய ஆத்திரம் அவருக்கு.

"வெடியுப்பும் கந்தகமும்தான் மருந்து. உன் கரி வெறும் அழுக்கு. ஜமீன்தார் பிறந்தநாளுக்குக் கை கறுக்காத கரி கொண்டா. இல்லேன்னா காட்டைவிட்டுக் கிளம்பு."

"ஆகட்டும் ஐயா."

கரியை மறுபடி எரித்து, வெளுத்துப்போனதை மூட்டை கட்டிக் கொடுத்தாள். அதிகாரி தொட்டுப் பார்த்தார். விரல் கறுக்கவில்லை. பூரித்துப்போய் அதையே மருந்தில் கலக்கச் சொன்னார்.

பிறந்தநாள் அந்தியில் ஜமீன்தாரே திரியில் நெருப்பு வைத்தார். திரி எரிந்து அணைந்தது. பீரங்கி வாய் திறக்கவில்லை. கூட்டம் சிரித்தது.

மறுநாள் மாடத்தியை இழுத்து வந்து ஜமீன்தார் முன் நிறுத்தினார்கள்.

"எரிஞ்சு முடிஞ்ச கரிதான் சாமி கை கறுக்காது. ஐயா கேட்டாக, சாம்பலைக் குடுத்தேன். நெருப்புக்குத் தீனி அந்தக் கறுப்புலதான் இருக்கு."

ஜமீன்தார் ஏகாம்பரத்தை ஒரு பார்வை பார்த்தார். "இனிமேல் கரி மூட்டையை நீரே சுமந்து வாரும்." பிறகு மாடத்தியிடம், "உனக்கு என்ன வேணும்?" என்றார்.

"நேத்து வெடிச் சத்தம் வரலை சாமி. இன்னைக்கு ரெண்டாப் போடச் சொல்லுங்க."

அன்று அந்தியில் பீரங்கி இரண்டு முறை முழங்கியது. காட்டுக்குள் மாடத்தி இரண்டுக்கும் பதில் சொன்னாள்.