உறுமன் தூக்கிய வால்

ஒரு காட்டில் உறுமன் என்றொரு காட்டுப்பன்றி இருந்தது. அந்தக் காட்டுக்கு இருந்தது ஒரே ஒரு ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் முள். நடுவே ஒரு பிரிவு. இடப்பக்கம் திரும்பினால் குளம். நேரே போனால் கோரைக்கிழங்கு மேடு.

அடிக்கடி ஒன்றையொன்று முட்டிக்கொண்டதால், விலங்குகள் கூடி ஒரு கட்டுப்பாடு வைத்தன. வால் தொங்கினால் நேரே போகிறேன் என்று பொருள். வாலைத் தூக்கினால் திரும்பப் போகிறேன் என்று பொருள். பின்னால் வருபவர் பார்த்து நடந்துகொள்ள வேண்டும்.

கட்டுப்பாடு நல்லதுதான். யார் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள்? அதை நினைத்தாலே உறுமனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றும் காலையில் கிழங்கு தோண்டப் புறப்பட்டது. முன்னால் போன நரி, வாலை அசைக்காமலே குளத்துப் பக்கம் திரும்பியது.

"அடேய், வாலை என்ன வாடகைக்கா விட்டிருக்கே?" என்று உறுமன் கத்தியது. நரி காதில் வாங்காமல் போய்விட்டது.

அடுத்து ஒரு புள்ளிமான். திரும்பி நாலு அடி போன பிறகுதான் வாலைத் தூக்கியது.

"கல்யாணம் முடிஞ்சப்புறம் பத்திரிகை வைக்கிறியா? பின்னால வர்றவன் ஜோசியமா பார்ப்பான்?"

புள்ளிமான் நின்றது. உறுமனின் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தது. "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்க வாலு..." என்று இழுத்தது.

"செஞ்சதும் இல்லாம எதிர்ப்பேச்சு வேறயா? வாயை மூடு!"

மான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டது.

அந்த நேரம் உறுமனுக்குப் பின்னால் வெள்ளச்சி என்ற கீரி தன் குட்டியோடு வந்தது. முந்தின நாள்தான் அந்தக் காட்டுக்குக் குடிவந்திருந்தது. மேட்டில் ஒரு நல்ல வளை காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு, வெயில் ஏறுவதற்குள் பிடித்துவிடலாம் என்று விரைந்தது. கட்டுப்பாட்டை ஒருமுறைக்கு இருமுறை கேட்டு மனப்பாடம் செய்திருந்தது.

உறுமனின் வால் மேலே தூக்கியிருந்தது.

"பெரியவர் குளத்துக்குத் திரும்பப் போறார். நீ வலப்பக்கமா முன்னால போ கண்ணு" என்றது வெள்ளச்சி. குட்டி துள்ளி ஓடியது.

சரியாக அப்போது ஒரு முயல் குறுக்கே வெட்டிக்கொண்டு பாய்ந்து, மேட்டுப் பக்கம் ஓடியது. வாலாவது, சைகையாவது!

"நில்லுடா!" உறுமன் நேரே பாய்ந்தது. காலடியில் 'கீச்' என்று ஒரு சத்தம்.

குட்டியின் பின்னங்கால் குளம்பின் கீழ் நசுங்கிவிட்டது.

அப்போதும் உறுமனுக்கு முதலில் வந்தது கோபம்தான். "கண்ணு தெரியலையா? நான் நேராத்தானே போறேன்!"

வெள்ளச்சி குட்டியை அணைத்துக்கொண்டு அழுதது. "வாலைத் தூக்கினீங்களே அண்ணே! அதை நம்பித்தானே பிள்ளையை முன்னால விட்டேன்!"

"நானா? நானா வாலைத் தூக்கினேன்?"

உறுமன் தலையைத் திருப்பிப் பார்த்தது. வால் கம்பி போல் விறைத்து நின்றது. தூக்கியதாக அதற்கு நினைவே இல்லை.

புள்ளிமான் மெல்லச் சொன்னது: "உங்களுக்குக் கோவம் வந்தா வாலு தானா நட்டுக்குது அண்ணே. கோவம் வராத நாளும் இல்லை."

"இத்தனை நாள் ஏன் யாரும் சொல்லலை?"

"சொல்ல வந்தா விட்டாத்தானே? அதான் நாங்க யாரும் உங்க வாலை நம்புறதே இல்லை. இவங்க ஊருக்குப் புதுசு. நம்பிட்டாங்க."

உறுமனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. காட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தான் ஏச ஏச, அவர்கள் தன் வாலைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தப் பாழாய்ப்போன வால் இப்போது தொங்கிவிட்டது.

"தப்பு என்னோடதும்மா" என்றது. அந்தச் சொல் அதன் வாயில் வந்தது அதுவே முதல் தடவை. "குட்டியை என் முதுகுல ஏத்து. புண்ணைக் கழுவணும்."

"எங்களைத் தொடாதீங்க" என்றது வெள்ளச்சி. குட்டியை வாயில் கவ்விக்கொண்டு, தானே குளத்துக்கு நடந்தது. பிரிவு வந்ததும், அத்தனை அழுகையிலும் மறக்காமல் வாலைத் தூக்கிவிட்டுத் திரும்பியது.

உறுமன் தலை நிமிராமல் பாதை ஓரத்து முள்ளில் ஒதுங்கி நின்றது.

ஊரார் வாலில் குற்றம் காண்பவன், முதலில் தன் வால் எப்படி நிற்கிறது என்று திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.