முதுகில் மூன்று குழிகள்

சீடருக்கு ஐம்பத்து நான்கு வயது. குருவுக்கு முப்பத்தொன்பது.

இருதயராஜ் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். காலம் கடந்து ஆய்வுப் பட்டத்துக்குச் சேர்ந்தவர். அவருடைய வழிகாட்டி மெஹருன்னிசா, குளவிகளை இனம் பிரிப்பதில் பேர் எடுத்தவர். அவர் இவரை சார் என்பார். இவர் அவரை மேடம் என்பார்.

ஒருநாள் இருதயராஜ் கேட்டார்.

"பூச்சியோட ஒரு உறுப்புக்கு ஆளுக்கொரு பேர் சொல்றாங்க மேடம். சொல்லிட்டுப் போகட்டுமே. எல்லாரும் ஒரே சொல்லைத்தான் சொல்லணும்னு எதுக்கு இவ்வளவு பாடு?"

மெஹருன்னிசா அலமாரியிலிருந்து பழைய கட்டுரைகளை ஒரு கட்டாக எடுத்து மேசைமேல் வைத்தார்.

"குளவியோட முதுகு ஓட்டுல இருக்கிற தட்டுகளை மட்டும் எடுத்துக்குங்க சார். எந்தத் தட்டுக்கு யார் என்ன பேர் சொன்னாங்கன்னு ஒரு பட்டியல் போடுங்க. அவங்க எழுத்தை மட்டும் பார்த்துப் போடாதீங்க. அவங்க பார்த்த பூச்சியையே மியூசியத்துலேர்ந்து வரவழைச்சுப் பாருங்க."

அப்போது இருதயராஜ் ஒரு புதிய குளவி இனத்தை அறிவிக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். எள்ளைவிடச் சிறியது. அதைக் கண்டுபிடித்தவர் பவளக்கொடி, வால்பாறையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். இலையில் செத்துக் கிடந்த புழுவின்மேல் பஞ்சு பஞ்சாக ஏதோ ஒட்டியிருக்கிறதே என்று இலையோடு கிள்ளி, டிபன் டப்பாவில் வைத்து, அங்கே பூச்சி சேகரிக்க வந்திருந்த இருதயராஜிடம் கொண்டுவந்து கொடுத்தார். நான்காம் நாள் அந்தப் பஞ்சுக் கூடுகளிலிருந்து குளவிகள் வெளியே வந்தன.

"இதுக்கு உங்க பேரைத்தான் வைக்கப்போறேன்" என்று சொல்லியிருந்தார் இருதயராஜ்.

"என் பேரா? பூச்சிக்கா?" என்று கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார் பவளக்கொடி. மறுநாள் தொழிலாளர் குடியிருப்பான லைன் முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

அந்தக் குளவியைப் புதியது என்று காட்டியது முதுகிலிருந்த ஒரு சிறு தட்டு. அதில் மூன்று குழிகள். இருதயராஜ் அந்தத் தட்டைக் 'கேடயத் தட்டு' என்று எழுதியிருந்தார்.

பட்டியல் வேலை ஐந்து மாதம் ஓடியது. கடைசியில், வடகிழக்கு மலையில் அறுபது வருஷத்துக்கு முன் ஒருவர் பிடித்துப் பெயரிட்ட குளவி, சின்ன அட்டையில் ஒட்டியபடி தபாலில் வந்தது. 'பின்தட்டில் மூன்று குழிகள்' என்பது அவர் குறிப்பு. இருதயராஜ் அந்த வரியை முன்பே படித்தவர்தான். அது வேறு தட்டு என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தார்.

இப்போது நுண்ணோக்கியில் பார்த்தார். அந்தப் பழையவர் சொன்ன பின்தட்டும் இருதயராஜின் கேடயத் தட்டும் ஒன்றுதான். உணர்கொம்பு, இறகு நரம்பு, கால் நிறம், எல்லாம் பொருந்தின.

இரண்டு நாள் இருதயராஜ் ஆய்வகத்துக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, இரண்டு குளவிகளையும் மெஹருன்னிசாவின் முன்னால் வைத்தார். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"ஒண்ணுதான் சார்."

"இந்த வேலையைக் கொடுக்கும்போதே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சிருந்தா நானே உட்கார்ந்து செஞ்சிருப்பேன்."

இருதயராஜ் நாற்காலியில் உட்கார்ந்தார். "பட்டியல்ல அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுட்டா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

மெஹருன்னிசா கோபப்படவில்லை. "அந்த வால்பாறை அம்மாவுக்கு என்னைக்கு லீவு?"

"ஞாயித்துக்கிழமை."

"போயிட்டு வருவோம்."

பவளக்கொடி இருவரையும் பாயில் உட்காரவைத்து டீ கொடுத்தார். இருதயராஜ் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

"அப்போ நான் கொண்டாந்தது புதுசு இல்லியா?"

"இல்லைம்மா. அவர் முந்திக்கிட்டார். ஆளுக்கொரு சொல் சொன்னதுல எனக்கு அது தெரியாமப் போச்சு."

"அவரு யாரு பேரை வச்சிருக்காரு?"

"அங்க இருக்கிற ஒரு மலையோட பேரை."

"மலைக்குத்தான் ஏற்கெனவே பேரு இருக்கே."

இருதயராஜ் டம்ளரைப் பாயில் வைத்தார்.

"லைன் பூரா சொல்லிட்டேன் வாத்தியாரே. திருப்பூர்ல எம் மகன், கூட வேலை செய்றவங்ககிட்ட எல்லாம் சொல்லி வச்சிருக்கான்." டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். "டீ ஆறுது, குடிங்க" என்றார்.

பஸ் மலையிறங்கியது. பத்துப் பன்னிரண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் இருதயராஜ் சொன்னார்.

"அந்த ஒரு சொல்லை விட்டிருந்தா, அந்த அம்மா பேர் நின்னிருக்கும் மேடம்."

"நின்னிருக்கும் சார். என்னைக்காவது இன்னொருத்தர் ரெண்டு பூச்சியையும் பக்கத்துல வச்சுப் பார்ப்பார். பார்த்துட்டு அந்தப் பேரை அடிச்சுடுவார். வந்து சொல்ல அவருக்கு இந்த அம்மா வீடு தெரியாது."