உப்பு வைத்த இலை

கொள்ளிடக் கரை மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பந்தியில் சாப்பிட்டவர்கள்தான் இரண்டாம் பந்திக்குப் பரிமாற வேண்டும். கடைசி இலைக்காரர் சாப்பிட்டு முடித்ததும் சமையற்காரர் மணி அடிப்பார். எல்லோரும் எழுந்து, கை கழுவி, வாளியைத் தூக்குவார்கள். மடத்துச் சாமியும் அப்படித்தான். அவர் உட்காருவது எப்போதும் வரிசையின் கடைசியில்.

மடத்துக்கு ஒரு கல்விக் கடன் நிதி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் தணிகாசலம். வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், சாமியைவிட வயதில் மூத்த சீடர்.

அன்று காலை நிறைமதி என்ற பெண் வந்திருந்தாள். நிதியில் கடன் வாங்கி இன்ஜினியரிங் முடித்தவள். தவணை கட்டத் தொடங்கவில்லை. இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்டாள். முடியாது என்றால் ஜாமீன் போட்ட அப்பாவுக்கு நோட்டீஸ் போகும். அவர் தையற்காரர். மெஷினை விற்றுத்தான் கட்டுவார்.

தணிகாசலம் நோட்டீஸோடு சாமியிடம் போனார்.

"இன்னைக்கு அனுப்பணும் சாமி. படிப்பு முடிஞ்ச ஆறாம் மாசம் முதல் தவணை. எல்லாருக்கும் ஒரே விதி. இது நியாயம்தானே?"

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?"

"படிப்புக்கேத்த வேலை கிடைக்கலையாம். ஆனா சம்பளமே இல்லைன்னு சொல்ல முடியாது. ஜவுளிக் கடையில நிக்கிறா."

"என்ன தருவாங்க?"

"ஹாஸ்டலுக்கும் பஸ்ஸுக்கும் சரியாப் போகும். அதுக்கு நாம என்ன பண்றது? இவ கட்டினாத்தான் அடுத்த பிள்ளைக்குக் கொடுக்க முடியும். அவங்களும் காத்திருக்காங்க சாமி."

"அதுவும் சரிதான்" என்றார் சாமி. "சாப்பிட்டுப் பேசுவோம். அந்தப் பொண்ணையும் உட்காரச் சொல்லுங்க. நீங்க அடுத்த பந்தியில சாப்பிடுங்க. இன்னைக்கு மணி உங்க பொறுப்பு."

"எப்போ அடிக்கணும்?"

"இலை போட்டதிலேர்ந்து அரை மணி. எல்லாருக்கும் ஒரே நேரம்."

தணிகாசலத்துக்கு அது பிடித்திருந்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

இலை போட்டார்கள். உப்பு வைத்தார்கள், ஊறுகாய் வைத்தார்கள். சோறு வந்தது. வரிசையின் பாதியில் தீர்ந்தது. இரண்டாவது உலை இன்னும் வடியவில்லை.

முன்வரிசையில் ஒரு லாரி டிரைவர் மோருக்கு வந்துவிட்டார். கடைசியில் சாமி இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் நிறைமதி.

தணிகாசலம் சமையற்கட்டை எட்டிப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"மேனேஜர், நேரம் ஆச்சா?" என்று சாமி குரல் கொடுத்தார்.

"ஆச்சு சாமி. ஆனா..."

"அடிங்க."

அடித்தார்.

"யாருப்பா அது, வசூலுக்கு வந்த மாதிரி அடிக்கிறது?" என்று டிரைவர் ஏப்பத்தோடு எழுந்தார். சிலர் சிரித்தார்கள். பின்பாதியில் யாரும் சிரிக்கவில்லை.

சாமி இலையை மடித்தார். நிறைமதி அவரைப் பார்த்தாள். பிறகு அவளும் மடித்தாள்.

சாமி கை கழுவிவிட்டு வந்து சாம்பார் வாளியைத் தூக்கினார். நிறைமதி தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாள். தணிகாசலம் குறுக்கே வந்து நின்றார். மணி இன்னும் கையில் இருந்தது.

"என்ன சாமி இது? உங்க ரெண்டு பேருக்கும் சோறே வரலையே!"

"இலை போட்டாச்சு. உப்பும் வெச்சாச்சு. ஒண்ணுமே வரலைன்னு சொல்ல முடியாது" என்றார் சாமி. "தள்ளுங்க மேனேஜர், அடுத்த பந்தி காத்திருக்கு."