அரைச் சுற்று

பாளையங்கோட்டையில் ரெஜினாவிடம் பழைய கம்ப்யூட்டர் பழுதுபார்க்கக் கற்றவர்களில் வயதில் மூத்தவர் நல்லசிவம். அவளைவிடவே மூத்தவர். இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அன்று அவர் பிரித்து வைத்திருந்தது, மகள் குழலி கல்லூரியில் படித்தபோது அவளுக்கு அவர் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர். சுவிட்சைப் போட்டால் பவர் சப்ளையின் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடும். மறுபடி போட்டார். மறுபடியும்.

“சுவிட்சு என்ன பாவம் பண்ணிச்சு, அண்ணாச்சி?” என்றாள் ரெஜினா.

பவர் சப்ளை செத்துவிட்டது என்று வேறொன்றை மாட்டினார். அதுவும் அரைச் சுற்றில் நின்றது. இன்னொன்று கேட்டார். அவள் தரவில்லை. ஏன் இத்தனை பறப்பு என்று கேட்டாள்.

பெங்களூரில் இருக்கும் குழலி தீபாவளியிலிருந்து பேசுவதில்லை என்றார். கூப்பிட்டால் ஒரு மணி அடித்ததும் துண்டித்துவிடுகிறாள். இது ஓடுவதைப் படம் எடுத்து அனுப்பினால் மனம் இளகும் என்று நம்பினார்.

ரெஜினா பிளக்கைப் பிடுங்கினாள். உள்ளே நின்ற கார்டுகளைக் காட்டி, யார் மாட்டியது என்றாள்.

“நான்தான். மோடம், சவுண்டு கார்டு, டிவி கார்டு. அவ கேக்கலை. உதவும்னு வாங்கிப் போட்டேன்.”

ஒன்றைக் கழற்றிவிட்டுப் பிளக்கை மாட்டிச் சுவிட்சைப் போட்டாள். அரைச் சுற்று. பிளக்கைப் பிடுங்கி அடுத்ததைக் கழற்றினாள். அதே அரைச் சுற்று. நல்லசிவம் உட்கார முடியாமல் வாசல்வரை போய்த் திரும்பினார். டிவி கார்டும் வெளியே வந்த பிறகு ஃபேன் நிற்காமல் ஓடியது. திரையில் எழுத்து வந்தது.

“அப்போ சப்ளை?”

“ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு. இந்தக் கார்டுல ஷார்ட். கருகிடாம இருக்க சப்ளை தன்னை நிறுத்திக்கிச்சு.”

அவர் அவசரமாகப் படம் எடுத்து அனுப்பினார். குழலி பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. உடனே அழைக்கப் போனார்.

“எடுத்தா என்ன சொல்லுவீங்க?” என்றாள் ரெஜினா.

“கம்ப்யூட்டர் ஓடுதுன்னு சொல்லுவேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன... அவ வேலையை விட்டது தப்புன்னு. பேரனை இங்க ஸ்கூல்ல கொண்டுவந்து சேருன்னு. அவ நல்லதுக்குத்தானே, டீச்சர்?”

“அந்த அப்புறத்தைக் கழற்றி வெச்சிட்டுக் கூப்பிடுங்க, அண்ணாச்சி.”