லிவர்பூல் குருவி கூரைக்கடியில குடிவந்த கதை

அந்தக் காலத்துல குருவி மனுசங்களோட வாய்விட்டுப் பேசும். மனுசங்களும் பதில் சொல்லுவாங்க, வேற வேலை இல்லாதப்ப.

அப்ப லிவர்பூல் துறைமுகத்துல கப்பல் வந்து குவியுது, ஆளுங்க தங்க வீடு இல்ல. பக்கத்து வேல்ஸ் நாட்டு மலையிலேருந்து கொத்தனாருங்க வந்தாங்க. பள்ளிக்கூடத்துச் சிலேட்டு இருக்கே, அந்தக் கல்லையே கூரைக்குக் கொண்டுவந்து, ஒண்ணோட ஒண்ணு ஒட்டினாப்புல வரிசையா வீடு கட்டினாங்க. ஊர்க்காரங்களுக்கு அவங்க பாஷையும் புரியல, ஞாயித்துக்கிழமை ஆணிகூட அடிக்காத பிடிவாதமும் புரியல.

அதுல எம்ரிஸ்னு ஒரு மேஸ்திரி. ஒரு தெரு முழுக்கக் கட்டிட்டாரு. கடைசி வீட்டுல சுவருக்கும் கூரைக்கும் நடுவுல இருக்கற இடுக்கை அடைக்கறதுதான் பாக்கி. சனிக்கிழமை இருட்டிடுச்சு. சாந்து பூசற கரணையைக் கழுவி வெச்சுட்டு, மறுநாள் பூரா ஜெபக்கூடத்துல பாட்டுப் பாடினாரு.

திங்கக்கிழமை வந்து பாத்தா, அந்த இடுக்குக்குள்ள ஒரு குருவி.

"எந்திரிம்மா, அடைக்கணும்."

"முட்டை இட்டுட்டேன் மேஸ்திரி."

"ஒரே நாள்லயா? அதுவும் ஞாயித்துக்கிழமையா?"

"முட்டைக்குக் கிழமை தெரியுமா? மரத்தையெல்லாம் வெட்டித்தானே தெரு போட்டீங்க. நான் எங்க போவேன்?"

அந்த நேரம் பாத்துத் தெருவோட சொந்தக்காரர் ஹார்கிரீவ்ஸ் வந்துட்டாரு. அண்ணாந்து பாத்தாரு.

"என்னய்யா இது, இந்த வீட்டுல மட்டும் ஓட்டை? எல்லா வீடும் ஒண்ணுபோல இருக்கணும்னுதானே பேச்சு? சாயங்காலம் வருவேன். ஒண்ணு மாறியிருந்தாலும் உங்க ஆளுங்களுக்கு இந்த ஊர்ல இனிமே வேலை கிடையாது."

எம்ரிஸ் சாந்தைக் குழைச்சாரு. ஏணியில ஏறினாரு. குருவி சிறகை விரிச்சு முட்டைமேல படுத்துக்கிச்சு.

எம்ரிஸ் இறங்கி, சாந்தை அப்படியே கொட்டிட்டு, ஏணியைத் தூக்கிட்டு முதல் வீட்டுக்குப் போனாரு. சனிக்கிழமை வரைக்கும் ஒழுங்கா அடைச்சு வெச்சிருந்ததை உளியால பேத்து எடுத்தாரு. அடுத்த வீடு. அதுக்கடுத்த வீடு.

"கிறுக்குப் பிடிச்சுடுச்சா?"ன்னு கூட வேலை பாத்தவங்க கேட்டாங்க.

"உளி இருந்தா வா. இல்லன்னா ஏணியப் பிடி."

சாயங்காலம் ஹார்கிரீவ்ஸ் தெருவோட இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பாத்தாரு. எல்லா வீட்டுலயும் ஒரே அளவுல ஓட்டை.

"ஒண்ணுபோலத்தானே இருக்கு?"ன்னாரு எம்ரிஸ்.

ஹார்கிரீவ்ஸ் அடுத்த தெருவையும் அதே மாதிரியே கட்டச் சொல்லிட்டுப் போயிட்டாரு.

அன்னிக்குப் பிடிச்ச பழக்கம்தான்: மரமே இருந்தாலும் அந்த ஊர்க் குருவி ஏறிட்டுப் பாக்காது, வேல்ஸ்காரன் கட்டின கூரைக்கடியிலதான் முட்டை இடும்.