சுருளி வாங்கின குளத்து முறை

அந்தக் காட்டுல ஒரே ஒரு குளம். தண்ணி குடிக்க எல்லாருக்கும் ஒரு முறை உண்டு. காலையில மான், மத்தியானத்துக்கு மேல மயில், பொழுது சாயுறப்போ காட்டுப்பன்னி பேச்சியும் அவ குட்டிகளும். குடிச்சவங்க ஒரு வாய் சேறு அள்ளிக் கரையில போட்டுட்டுத்தான் போகணும். அடியில ஊத்து அடைஞ்சிரக் கூடாதுல்ல!

அடைமழைக் காலம். சுருளிக் குரங்கு விளாம்பழத்தோட வந்து நின்னான்.

"பேச்சிக்கா, உன் முறைய எனக்குக் குடுத்துரு. இந்தா பழம்!"

"பள்ளமெல்லாம் தண்ணி கெடக்கு. உனக்கு எதுக்குடா முறை?"

"சும்மா ஒரு ஆசைதான்க்கா!"

பேச்சி சிரிச்சுக்கிட்டே குடுத்துட்டா. மானும் மயிலும்கூடக் குடுத்துட்டாங்க.

கோடை வந்துச்சு. பள்ளமெல்லாம் வறண்டுபோச்சு. சுருளி கரையில கால் மேல கால் போட்டு உக்காந்துட்டான்.

"தண்ணி வேணுமா? கிழங்கு கொண்டா!"

பேச்சி பகலெல்லாம் கிழங்கு தோண்டிக் குடுத்து, குட்டிகளுக்குத் தண்ணி வாங்கினா.

"அம்மா, சேறு அள்ளலியா?"

"அதான் கிழங்கு குடுத்தாச்சே! சேறு வேற அள்ளணுமாக்கும்!"

எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க. சேறு ஏறுச்சு, தண்ணி இறங்குச்சு. சுருளி விலைய இன்னும் ஏத்தினான்.

பேச்சிக்குப் பழைய சாயங்காலமெல்லாம் நெஞ்சுக்குள்ள வந்து வந்து போச்சு. "நகருய்யா, தோகையத் துடைச்சது போதும்!"னு இவ கத்துவா. மயில் வேணும்னே மெதுவா நடப்பான். குட்டிங்க மூக்கெல்லாம் சேத்தோட ஓடும். இப்போ யாரும் நின்னு பேசுறதுகூட இல்ல. கிழங்கப் போட்டுட்டு, குடிச்சுட்டுப் போயிடுறாங்க.

ஒருநாள் குளம் வெறும் சேறாப் போச்சு. கடைசிக் குட்டி எந்திரிக்க முடியாமப் படுத்துருச்சு. சுருளிக்கும் நாக்கு வறண்டுபோச்சு.

"எல்லா முறையும் என்கிட்டதான்க்கா இருக்கு. தண்ணியத்தான் காணோம்!"

பேச்சி குளத்துக்குள்ள இறங்கி, ஒரு வாய் சேறு அள்ளிக் கரையில துப்பினா. திரும்பப் போய் அள்ளினா. அதைப் பாத்து மயில் இறங்கினான். மானும் இறங்குச்சு.

"உங்க முறையெல்லாம் நீங்களே எடுத்துக்கோங்க!"னு சுருளி அழுதான்.

"உனக்கும் ஒரு முறை உண்டுடா. மொதல்ல சேறு அள்ளு!"

"என் வாய் சின்னதுக்கா!"

"கை ரெண்டு இருக்குல்ல? அள்ளுடா!"

பொழுது சாயுறப்போ ஊத்து கண்ணத் தெறந்துச்சு. மயில் முந்திக்கிட்டு நின்னான்.

"நகருய்யா! எம்புள்ள குடிக்கட்டும்!"

மயில் அன்னைக்கு மட்டும் ஒரே தாவுல நகந்தான். கடைசிக் குட்டி மூக்க உள்ள விட்டு, சர்ருன்னு உறிஞ்சுச்சு. அப்புறம் ஒரு வாய் சேத்தோட கரையப் பாத்து ஓடுச்சு!

விலை குடுத்தாச்சுன்னு பொறுப்பக் கைவிட்டா, வித்தவனுக்கும் தண்ணி இல்ல, வாங்கினவனுக்கும் தண்ணி இல்ல.